திருந்தாதி மணியும் பாவிச்ச இஞ்சினும்

மாலை மணி அடிக்கத் தொடங்கியபோது றஞ்சினி குசினிக்கு வெளியே துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முதல் அடி விழுந்ததும் கை நின்றது. பக்கத்து வளவில் ரேடியோவைக் குறைத்தார்கள். மன்னார்க் கரையிலுள்ள வங்காலையில் அந்த மணிக்குத் திருந்தாதி மணி என்று பெயர். மூன்று மூன்று அடியாக விட்டுவிட்டு அடித்து ஓயும். கேட்டவர்கள் கேட்ட இடத்தில் நின்று மாதாவின் செபத்தை முணுமுணுத்துவிட்டு, விட்ட வேலையைத் தொடருவார்கள். றஞ்சினியும் சிலுவை போட்டாள். ‘அருள் நிறைந்த’ என்று வாய் தொடங்கியது. அதோடு சரி. கடலில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இஞ்சின் சத்தம் நின்றுவிட்டது.

அது யாருடைய இஞ்சின் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கரையோரத்துப் பெண்களுக்குத் தங்கள் வீட்டு இஞ்சின் சத்தம் காதிலேயே கிடக்கும். ஆள் வைத்துப் பெரிய படகு ஓட்டுகிற மரியதாஸ் சம்மாட்டியின் பெரிய இஞ்சின் உறுமிக்கொண்டு வரும். அவள் புருசன் அல்பிரட்டின் இஞ்சின் சளி பிடித்த ஆள் கதைப்பதுபோலக் கரகரத்துக்கொண்டு வரும். ஏன் நின்றது என்றும் அவளுக்குத் தெரியும். அல்பிரட் திருந்தாதி மணி கேட்டால் இஞ்சினை நிப்பாட்டுவான். நிப்பாட்டி, தொப்பியைக் கழற்றி, படகில் எழும்பி நின்று முழுச் செபத்தையும் சொல்லுவான். கூடத் தொழிலுக்கு வருகிற டிலானும் வேறு வழியில்லாமல் எழும்பி நிற்பான். அல்பிரட்டின் தகப்பன் துடுப்பு வலித்த காலத்து ஆள். மணி கேட்டால் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்வாராம். அவர் துடுப்பைத் தூக்கினார், இவன் இஞ்சினை நிப்பாட்டுகிறான். ஊரில் இன்றைக்கு வேறு ஒருவரும் இப்படிச் செய்வதில்லை. இஞ்சின் ஓட ஓடவே சிலுவையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார்கள்.

நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தச் சத்தமில்லாத கொஞ்ச நேரம் றஞ்சினிக்கு ஆகாது. ஊரே செபம் சொல்ல, அவள் மட்டும் பாதிச் செபத்தில் நின்றுகொண்டு கடலுக்குக் காது கொடுத்திருப்பாள். பிறகு டிலானின் சிரிப்புக் கேட்கும், கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்கும். வங்காலைக் கரை ஆழமில்லாத கரை. மணி அவர்களைக் கடலில் பிடிக்கிற நேரம் படகு அனேகமாகக் கிட்ட வந்திருக்கும் என்பதால், செபம் முடிந்ததும் இஞ்சினை மறுபடி கிளப்பாமல் கம்பு ஊன்றியே வந்துவிடுவார்கள். டிலானின் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவள் தேங்காயைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

இந்த இஞ்சின் வந்த கதையையும் சொல்லிவிடவேண்டும். மீள்குடியேற்றத்தில் அல்பிரட்டுக்குக் கிடைத்த பைபர் படகு ஒன்று இஞ்சின் இல்லாமல் கனகாலம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நாய்கள் குட்டி போட்டு வளர்க்க நல்ல இடமாக இருந்தது, வேறு பிரயோசனம் இல்லை. அல்பிரட் மரியதாஸ் சம்மாட்டியின் படகில் பங்குக்குப் போய்வந்தான். சம்மாட்டி நல்ல மனிசன், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை. ஆனாலும் தன் படகு நாய்களுக்கு நிழல் கொடுக்க, தான் அடுத்தவன் படகில் வலை இழுப்பது அல்பிரட்டுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கரைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் படகைப் பார்க்காமல் சுற்றிப் போவான்.

மன்னார்த் தீவுக்குள்ளே எருக்கலம்பிட்டியில் அபூசாலி என்பவர் நாரிப் பிடிப்பால் குனிய நிமிர ஏலாமல் தொழிலை விட்டுவிட்டு இஞ்சினை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அல்பிரட் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

“பாவிச்ச இஞ்சின்தான், ஆனா நல்லா வச்சிருக்கிறார்” என்றான் வீட்டுக்கு வந்து.

றஞ்சினி சின்ன வயதிலிருந்து கலியாண வயதுவரை தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே ‘பாவிச்ச’ என்ற சொல் கிடையாது, எல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். திரும்பி வந்து இத்தனை வருசமாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குப் பாவிகளின் ஞாபகம்தான் வரும்.

“பாவிச்சதோ, பாவம் செய்ததோ, வடிவாப் பாத்து வாங்குங்கோ. நடுக்கடலில நிக்காத இஞ்சினா இருக்கவேணும். ஒருநாளெண்டாலும் நிண்டுதோ, பிறகு நீங்கள் சம்மாட்டியின்ர படகுக்குத்தான் போகவேணும். சொல்லிப்போட்டன்” என்றாள். பகிடிபோலத்தான் சொன்னாள். முகம் பகிடியாக இல்லை.

அபூசாலி இஞ்சினைக் கொடுக்கும்போது ஒரேயொரு புத்திதான் சொன்னார். மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சின் இது. “பெற்றோலில எழுப்பு, பெற்றோலிலயே படுக்கப் போடு. நடுவில எவ்வளவு மண்ணெண்ணெயும் குடிக்கட்டும்.” அதாவது, குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் சின்னத் திருகு ஒன்றைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிப்பாட்டுவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, உள்ளே கிடக்கிற மண்ணெண்ணெயை எரித்துவிடவேண்டும். அல்பிரட்டுக்கு இது தெரியாததா? கோயில் சிலுவை கரைத் தென்னைகளுக்குப் பின்னால் மறைகிற இடம் வந்ததும் திருகைத் திருப்புவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். பெற்றோலைக் கோயில் தைலம்போலச் சிக்கனமாகத்தான் பாவித்தான். ஒரு சொட்டு மணலில் விழுந்தாலும் டிலானுக்குப் பேச்சு விழும்.

இஞ்சினைக் கோயிலடிக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியிடம் தீர்த்தம் தெளிப்பித்தார்கள். சனிக்கிழமைகளில் அல்பிரட் இஞ்சினைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பாதியாக வெட்டிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் வைத்து ஓட்டிக் கழுவுவான். தண்ணீர் அள்ளி ஊற்றுவது றஞ்சினி. இஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர் பக்கத்துத் துளையால் மெல்லிய நூலாகப் பீச்சும். “ஒண்டுக்குப் போகுது, ஒண்டுக்குப் போகுது, சுகமாத்தான் இருக்கு” என்று அல்பிரட் குந்தியிருந்து பார்த்துச் சந்தோசப்படுவான். தன் பிள்ளைகள் பிறந்தபோதும் அவன் இப்படிக் குந்தியிருந்து பார்த்ததில்லை என்று றஞ்சினி சொல்லிச் சிரித்தாள். பிளக்கைக் கழற்றித் துடைத்து, பூட்டுகளுக்குக் கிறீஸ் பூசி, பழைய சாரத்தால் மூடிவைப்பான். கலியாணமான நாள் தொடக்கம் அவனை இவ்வளவு சந்தோசமாக அவள் கண்டதில்லை. அது அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகுதான் சனியன் பிடித்தது. பின்னேரம் போய் வலை விட்டுவிட்டு வருவார்கள், விடிய முன்னம் போய் வலையை எடுப்பார்கள். இதுதான் தொழில். அந்த விடியப்பறத்தில் இஞ்சின் எழும்பாது. எல்லா நாளும் இல்லை. சில நாள் ஒரே இழுவையில் கிளம்பும். சில நாள் டிலானும் அல்பிரட்டும் மாறி மாறிக் கயிறு இழுத்துத் தோள் கழன்றாலும் இருமிவிட்டுப் படுத்துவிடும். கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் வாய் முளைத்தது. ஒருவன் பிளக் என்றான், ஒருவன் கொயில் என்றான், ஒருவன் வயசு என்றான். திறந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணம். மண்ணெண்ணெய் இஞ்சின் மண்ணெண்ணெய் மணக்காமல் மல்லிகைப்பூவா மணக்கும்? ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“அண்ணை, இது அஞ்சு நேரம் தொழுத இஞ்சின். எங்கட கோயில் மணிக்கு இன்னும் பழகேல்லை” என்றான் டிலான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அல்பிரட் சிரிக்கவில்லை.

ஒரு விடியற்காலை இஞ்சின் எழும்பவே இல்லை. வெயிலேறி, கயிறும் அறுந்து, அல்பிரட் மணலில் குந்திவிட்டான். மரியதாஸ் சம்மாட்டியின் பெடியள்தான் போய் இவர்கள் வலையையும் எடுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். வலையில் பட்ட மீனில் பாதியை நண்டு தின்றிருந்தது. சம்மாட்டி தோளில் கை வைத்து, “உன்ர இடம் அப்பிடியே கிடக்கு அல்பிரட், எப்ப வேணுமெண்டாலும் வா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால் அல்பிரட்டுக்கு இவ்வளவு நொந்திருக்காது. வீட்டுக்கு வந்தவன் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல், “கொண்டுபோய் அவரிட்டயே குடுத்திட்டு வாறன். கெட்டுப்போன சாமானைத் தலையில கட்டிப்போட்டார். நான் சம்மாட்டியோட போறன்” என்றான்.

இங்கேதான் றஞ்சினியின் சங்கடம் தொடங்குகிறது. ஏனென்றால், கரையில் ஒருவருக்கும் பிடிபடாத ஒன்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது. மணிக்குக் கடல் சத்தமில்லாமல் போகிற நாளுக்கு அடுத்த விடியற்காலைதான் இஞ்சின் மக்கர் பண்ணியது. மணிக்கு முன்னமே கரைக்கு வந்துவிட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. சனிக்கிழமை பீப்பாயில் கழுவிய இஞ்சின், ஞாயிறு தொழிலில்லாமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை ஒரே இழுவையில் எழும்பும். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கணக்குப் பிழைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மூச்சைப் பிடித்துக் கேட்கிறவளுக்கு எப்படிப் பிழைக்கும்?

சொல்லலாம். சொன்னால் ஒருவேளை இஞ்சின் திருந்தும். சொல்லாவிட்டால் அல்பிரட் சம்மாட்டியின் படகுக்குப் போவான். அதில் பெரிய இஞ்சினோடு இன்னொரு இஞ்சினும் உண்டு, ஒன்று நின்றால் மற்றது. மணிக்கு அங்கே யாரும் நிப்பாட்டப்போவதில்லை. அவள் நிம்மதியாகத் தேங்காய் துருவலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை. ஓட்டோவில் இஞ்சினைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று தானும் ஏறிக்கொண்டாள்.

அபூசாலியின் வளவில் வேப்பமர நிழலில் இஞ்சினை இறக்கினார்கள். அபூசாலி நாரியைப் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்ப்பதுபோல இஞ்சினைச் சுற்றி நின்று பார்த்தார். கதிரை எடுத்துப் போடச் சொன்னார். அல்பிரட் அதில் இருக்காமல் நின்றுகொண்டான். அபூசாலி குனிந்து இஞ்சினில் எண்ணெய் தேங்குகிற அடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதில் கிடந்ததை உள்ளங்கையில் ஊற்றி மணந்து பார்த்தார்.

“இது முழுக்க மண்ணெண்ணெய் தம்பி. மண்ணெண்ணெயில நிப்பாட்டிக் குளிரவிட்டா எந்த இஞ்சின் எழும்பும்?”

“அபூசாலி நானா,” என்று அவர்கள் வழக்கில் அண்ணன் முறை சொல்லித் தொடங்கினான் அல்பிரட். “நான் நேற்றுக் கடலுக்குப் போனவனில்லை. மாத்தாம நான் நிப்பாட்டுறதே இல்லை.”

“மாத்தியிருந்தா இது இஞ்ச கிடக்காது.”

“அப்ப நான் பொய் சொல்லுறனோ?”

“அப்பிடி நான் சொல்லேல்லையே.”

“பாவிச்சதெண்டுதான் வாங்கினனான், பழுதெண்டு வாங்கேல்லை!” அல்பிரட்டின் குரல் உயர்ந்துவிட்டது. “ஊரில எல்லாரும் சிரிக்கிறாங்கள். என்னைச் சொல்லவேணும். உங்கட ஆக்களை நம்பி…”

அந்தச் சொல் பாதியில் நின்றது. தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்த அபூசாலியின் மனைவி நிஸ்லா அங்கேயே நின்றுவிட்டாள். அபூசாலி கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு சொல் விழுந்தால் பிறகு அள்ள ஏலாது என்று றஞ்சினிக்குத் தெரிந்தது. இந்த மனிசன் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதும் அங்கே நின்ற நாலு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“மணி கடலில பிடிக்கிற அண்டைக்குத்தான்” என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“நீங்கள் திருந்தாதிக்கு இஞ்சினை நிப்பாட்டுறீங்கள். செபம் சொல்லிப்போட்டுக் கம்பு ஊண்டி வாறீங்கள். அதுக்கு அடுத்த நாள்தான் இது எழும்பிறேல்லை. மற்ற நாளெல்லாம் எழும்புது. எனக்கு இஞ்சினைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனா கணக்கு இதுதான்.”

அல்பிரட்டின் வலது கை தன்பாட்டில் காற்றில் ஏதோ செய்தது. பிடியைக் குறைத்தது, நிப்பாட்டும் பொத்தானை அமத்தியது, தொப்பியைக் கழற்றியது. பிறகு கம்பை எடுக்கப் போய் அந்தரத்தில் நின்றது. திருகு இருக்கவேண்டிய இடத்துக்குக் கை போகவே இல்லை. சிலுவை மறைகிற இடத்தில்தானே திருப்புவது? மணி பிடிக்கிற நாளில் அந்த இடத்துக்கு முன்னமே இஞ்சின் நின்றுவிடுகிறது. அங்கே வரும்போது அவன் கையில் இருப்பது கம்பு.

“யேசுவே” என்றான் அல்பிரட்.

அபூசாலிக்குச் சிரிப்புக் கிளம்பிவிட்டது. நாரி வலிக்க வலிக்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பள்ளிவாசலில பாங்கு சொல்லேக்க நானும் நிப்பாட்டுறனான் தம்பி! எத்தினை வருசம்! ஆனா முதல் பெற்றோலுக்கு மாத்திப்போட்டு. அல்லா கொஞ்சம் பொறுப்பான், இஞ்சின் பொறுக்காது.”

அல்பிரட்டுக்குச் சிரிப்பதா நிலத்துக்குள் போவதா என்று தெரியவில்லை. “நானா, நான் வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்” என்றான். “நீ எங்க சொன்னனி, பாதியில விட்டிட்டாய்” என்றார் அபூசாலி. பிறகுதான் அல்பிரட் றஞ்சினியின் பக்கம் திரும்பினான்.

“உனக்கெப்பிடி இது தெரியும்?”

“கேட்டுக்கொண்டிருக்கிறனான்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஒவ்வொரு நாளும்தான்.” சொல்லத் தொடங்கிய பிறகு அவளால் நிப்பாட்ட முடியவில்லை. “சின்னனில இந்தியாவுக்கு ஓடேக்க எங்கட படகில இஞ்சின் நிண்டது. நேவி கேக்குமெண்டு ஒருத்தரும் மூச்சு விடக்கூடாதெண்டு ஓட்டி சொன்னவர். அம்மா தம்பியின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ. படகின்ர பலகைக்குக் கீழ தண்ணி அடிக்கிற சத்தம் மட்டும்தான். அது இன்னும் என்ர காதுக்குள்ள கிடக்கு. நீங்கள் நிப்பாட்டிச் செபம் சொல்லுற நேரம் எனக்குச் செபம் வாறேல்லை. இவ்வளவு நாளும் சொல்லேல்லை. இண்டைக்கும் சொல்லாம விட்டா நீங்கள் சம்மாட்டியோட போயிடுவீங்கள், எனக்கு நிம்மதி எண்டுதான் வந்தனான்.”

வேப்பம்பழம் ஒன்று இஞ்சின் மூடியில் விழுந்தது. நிஸ்லா தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து றஞ்சினியின் பக்கத்தில் நின்றாள்.

“எங்களையும் தொண்ணூறில இயக்கம் வெளியேத்தேக்க கடலாலதான் ஏத்தினது, தங்கச்சி. கற்பிட்டி வரைக்கும்” என்றார் அபூசாலி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “எங்கட வள்ளத்தில இஞ்சின் நிக்கேல்லை. நிண்டா நல்லம், ஊரை விட்டுப் போகாம இருக்கலாமெண்டு நினைச்சுக்கொண்டு போனனான். சனியன், நிக்கவேயில்லை.” பிறகு தேத்தண்ணி ஆறுகிறது என்று எல்லாரையும் அதட்டினார்.

அவரே கிண்ணத்தைத் துடைத்துப் பூட்டி, பெற்றோல் விட்டு, அல்பிரட்டைக்கொண்டு பீப்பாயில் வைப்பித்து, புதுக் கயிறு போட்டு, நாரியைப் பாராமல் ஒரே இழுவை இழுத்தார். இஞ்சின் எழும்பியது. பக்கத்தால் ஒன்றுக்கும் போனது. போகும்போது நிஸ்லா ஒரு பை நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். வங்காலைக்காரிக்குக் கருவாடா என்று றஞ்சினி சிரிக்க, இது எருக்கலம்பிட்டிக் கருவாடு என்றாள் அவள். வழி முழுக்க அல்பிரட் மடியில் இஞ்சினின் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமா, யோசனையா என்று அவளால் பிடிக்க முடியவில்லை. சொன்னது பிழையோ என்று ஒருமுறை நினைத்தாள். பிறகு, பிழையென்றாலும் சொல்லியாயிற்று என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் வலை விட வழமைபோலப் போனார்கள். போகும்போது அல்பிரட் பெற்றோல் கலனை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தான், மறுபடி வீட்டுக்குள் போய் இன்னும் கொஞ்சம் நிரப்பிக்கொண்டான். டிலான் கண்ணை உருட்டினான்.

வெயில் சாய்ந்தது. றஞ்சினி எருக்கலம்பிட்டிக் கருவாட்டை ஊறப்போட்டுவிட்டு, துருவலையில் குந்தித் தேங்காயை எடுத்தாள். தூரத்தில் அந்தக் கரகரப்புக் கேட்டது, கிட்ட வந்தது. இன்றைக்கு மணிக்கு முன்னம் வந்துவிடும் என்று நினைத்தாள். வராது என்றும் தெரிந்தது. முதல் அடி விழுந்தது.

கை நின்றது. சிலுவை போட்டாள். ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த நிசப்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் மாறியது. கரகரப்புத் தேய்ந்து மெலிந்தது, சளி விட்டுப்போனதுபோல. பெற்றோலுக்கு மாற்றிவிட்டான். இனி நிப்பாட்டுவான். இரண்டாவது மூன்றடியும் விழுந்தது. நிப்பாட்டவில்லை. இஞ்சின் இருந்த இடத்திலேயே, படகை நகர்த்தாமல், டுக்கு டுக்கு டுக்கு என்று மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மணலில் விழுந்தால் டிலானை ஏசுகிற மனிசன், எழும்பி நின்று தொப்பியைக் கையில் பிடித்தபடி, முழுச் செபத்துக்கும் பெற்றோலை எரித்துக்கொண்டு நிற்கிறான்.

றஞ்சினியின் வாய் அடுத்த சொல்லுக்குப் போனது. அதற்கடுத்த சொல்லுக்கும் போனது. கடைசி அடியும் விழுந்து, பக்கத்து வளவில் ரேடியோவைக் கூட்டிவிட்டார்கள். அவள் இன்னும் பாதிச் செபத்தில்தான் இருந்தாள், கனநாள் சொல்லாததால் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. அவள் முடிக்கும் வரைக்கும் கடலில் அந்தச் சின்னச் சத்தம் இருந்த இடத்திலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது.